டிராவலுக்கு வெயிட் கம்மியான ஸ்கூபா ஃபின்ஸ் எது வாங்கறது?

கேள்வி இதுதான்: கேட்டவர் சென்னைல இருக்கார், ஸ்கூபாவோட ஆரம்ப கோர்ஸான ஓப்பன் வாட்டர் முடிச்சாச்சு, அடுத்து அந்தமான்ல ஹேவ்லாக், அதுக்கப்புறம் மாலத்தீவு லைவ்அபோர்டுக்கு, அதாவது போட்லயே தங்கி டைவ் பண்ற ட்ரிப்புக்கு பிளான். ரென்டல் ஃபின்ஸ் (கால்ல மாட்டற துடுப்பு) கால கடிக்குது, சொந்தமா ஒண்ணு வாங்கணும், ஃப்ளைட்டோட 15 கிலோ லக்கேஜுக்குள்ள அடங்கணும், ஒரு கிலோவுக்குள்ள ஃபின்ஸ் கிடைக்குமா, கார்பன் ஃபைபர் வாங்கினா வெயிட் கொறையுமாமே, வாங்கலாமா. கால் சைஸ் 8.

நேரடி பதில மொதல்ல சொல்லிடறேன், அவசரத்துல இருக்கறவங்க இதோட கிளம்பலாம். நீங்க சொன்ன ரெண்டு இடத்துக்கும் ஃபுல் ஃபூட் ஃபின்ஸ், அதாவது ஷூ மாதிரி குதிகாலையும் சேத்து மூடுற டைப், மீடியமான விறைப்புல பிளேடு (தண்ணியத் தள்ளற தட்டைப் பகுதி), உள்ள போட 2 மில்லிமீட்டர் நியோப்ரீன் (பஞ்சு மாதிரி ரப்பர்) சாக்ஸ் ஒரு ஜோடி. மாடலையும் சைஸையும் பொறுத்து ஜோடி ஒண்ணரை கிலோ பக்கத்துல வரும். ஒரு கிலோவுக்குள்ளயும் கிடைக்கும், ஆனா அதுல முக்காவாசி ஸ்நார்க்கலிங் ஃபின்ஸ், உங்க வேலைக்கு ஆகாது. கார்பன் வேண்டவே வேண்டாம். ஏன் எதுக்குன்னு பொறுமையா சொல்றேன்.

எல்லாரும் பண்றது என்னன்னா ஆன்லைன்ல நாலு மாடல் தொறந்து வெச்சுக்கிட்டு எது எத்தன கிராம்னு கம்பேர் பண்ணுவாங்க. அந்த நம்பர வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாதுங்க, சில கடைல ஒத்த ஃபின்னுக்கு போடுவான், சில கடைல ஜோடிக்கு, சில இடத்துல பார்சல் டப்பாவோட சேத்து வெயிட் போட்டிருப்பான், சைஸ் எதுன்னும் சொல்ல மாட்டான், எஸ் சைஸுக்கும் எக்ஸ்எல் சைஸுக்கும் நடுவுல அரை கிலோ வித்தியாசம் வர மாடல்லாம் இருக்கு. அத விட முக்கியமா, ஃபின்ன மட்டும் தனியா எடை போட்டு பிரயோஜனம் இல்ல. கணுக்காலுக்கு கீழ நீங்க போடப்போற மொத்த சாமானையும் சேத்து எடை போடணும். ஓப்பன் ஹீல் ஃபின்ஸ், அதாவது குதிகால் பக்கம் தொறந்து ஸ்ட்ராப் மட்டும் வர்ற டைப், ஒண்ணு 'அல்ட்ரா லைட், டிராவல்'னு எழுதி விப்பாங்க, சரிதான், ஆனா அதுக்கு 5 மில்லி பூட்டி, அதாவது சோல் வெச்ச நியோப்ரீன் ஷூ வேணும், அந்த பூட்டி ஜோடி முக்கால் கிலோல இருந்து ஒரு கிலோ வரைக்கும் வரும், ஸ்டீல் ஸ்பிரிங் ஸ்ட்ராப் போட்டிருந்தா அது வேற. கூட்டிப் பாத்தா சாதாரண ஃபுல் ஃபூட் ஃபின்ன விட அதிகமா நிக்கும். இதெல்லாம் போறப்ப இருக்கற காய்ஞ்ச கணக்கு. திரும்பி வரும்போது பூட்டி சோல்லயும் தையல்லயும் கடல் தண்ணி ஊறி இருக்கும், போர்ட் பிளேர் ஏர்போர்ட் கவுண்டர்ல 15 தாண்டி முள்ளு நிக்கறப்பதான் அது தெரியும்.

தொங்கவிடற லக்கேஜ் ஸ்கேல் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, கடைக்கே எடுத்துட்டுப் போங்க. ஃபின், பூட்டி, சாக்ஸ் எல்லாத்தையும் ஒரே பைல போட்டு தூக்கிப் பாருங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பார், பாத்தா பாக்கட்டும்.

வெயிட்ட விட நீளம் தான் நெறைய பேர கவுக்குது. உள்நாட்டு ஃப்ளைட்ல கேபின் பேக் பொதுவா 55க்கு 35க்கு 25 சென்டிமீட்டர், 7 கிலோ. ஃபின்ஸ கேபின்ல எடுத்துட்டுப் போயிட்டா செக்-இன்ல ஒண்ணரை கிலோ மிச்சம்னு பிளான் போடுவோம் இல்லையா, ஸ்கூபா ஃபுல் ஃபூட் ஃபின்ஸ் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர தாண்டிடும். நேரா வெச்சா போகாது, குறுக்கால சாய்ச்சு வெச்சா போகலாம். 55க்கு 35ல மூலைக்கு மூலை அளந்தா 65 வரும், ஆனா அது வெளி அளவு, சக்கரமும் ஹேண்டில் கம்பியும் தின்ன இடம் போக ஹார்ட் ஷெல் பெட்டில உள்ள 58, 59 தான் கிடைக்கும். சாஃப்ட்டான டஃபிள் பேக்னா இன்னும் கொஞ்சம் கூட. அதனால வாங்கறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கற பெட்டிக்குள்ள டேப் வெச்சு மூலைக்கு மூலை அளந்து அந்த நம்பர ஃபோன்ல எழுதி வெச்சுக்கிட்டு கடைக்கு போங்க. மாலத்தீவுல லைவ்அபோர்ட் மாலே பக்கத்துல இருந்தே கிளம்பறதால பிரச்சனை இல்ல, ஆனா என்னைக்காவது தூரத்து ரிசார்ட்டுக்கு சீபிளேன்ல போனா செக்-இன் 20 கிலோ, கைப்பை 5 கிலோன்னு தனி கணக்கு, சென்னை ஃப்ளைட்ல விட்டாங்களேன்னு அங்க போய் பேச முடியாது.

இப்ப ஃபுல் ஃபூட்டா ஓப்பன் ஹீலான்னு ஒரு சண்டை. இதுக்கு பதில் ஃபின்ல இல்ல, தண்ணிக்குள்ள எப்படி இறங்கறீங்கங்கறதுல இருக்கு. மாலத்தீவுல டைவிங் பெரும்பாலும் தோணில இருந்துதான், லைவ்அபோர்ட்ல ஏறினதுமே செருப்ப வாங்கி கூடைல போட்டுடுவாங்க, வாரம் பூரா வெறுங்கால்தான், அங்க பூட்டி எதுக்கு. ஹேவ்லாக்லயும் நல்ல சைட் எல்லாம் போட்ல இருந்துதான், தண்ணி பொதுவா 27, 28 டிகிரி பக்கம் இருக்கும், கால் குளிராது. ஆனா அதே ஆளு நாளைக்கு இந்தோனேசியாவோட பாலில, துலாம்பென்ல மூழ்கிக் கிடக்கற லிபர்ட்டி கப்பல்ல டைவ் பண்ணனும்னு போனா கதை மாறிடும். அங்க கரைல இருந்துதான் இறங்கணும், கரைன்னா மணல் இல்ல, அகுங் எரிமலைக் கல்லு, உருண்டையா கருப்பா வழவழன்னு, மேல 11 லிட்டர் சிலிண்டரோட அது மேல நடக்கணும், அலை அடிக்கறப்ப கல்லு காலுக்கு கீழ உருளும். உள்ளூர் பெண்கள் தலைல சிலிண்டர வெச்சுக்கிட்டு சாதாரணமா அந்த கல்லுல நடந்து போவாங்க, நாம பின்னாடி தள்ளாடிக்கிட்டே போவோம். அங்க ஃபுல் ஃபூட்டோட போறது முட்டாள்தனம், நல்ல சோல் இருக்கற பூட்டியும் ஓப்பன் ஹீலும்தான். திரிகோணமலை பக்கம் கரைல இருந்து இறங்கற இடங்களுக்கும் இதேதான். அதனால அடுத்த ரெண்டு வருஷத்துல எங்க போகப்போறீங்கன்னு யோசிங்க. போட் டைவிங்தான் அதிகம்னா ஃபுல் ஃபூட், கரை டைவிங் கலந்து வரும்னா ஓப்பன் ஹீல், அந்த எக்ஸ்ட்ரா ஒரு கிலோவ அதுக்கு குடுக்கற விலைன்னு வெச்சுக்கோங்க.

ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, ஓப்பன் ஹீல்தான், ஆனா வெறுங்கால்லயே போடற மாதிரி பாதத்துக்கு வசதியா செஞ்சது, பின்னாடி பஞ்சி ஸ்ட்ராப், அதாவது இழுபடற எலாஸ்டிக் கயிறு. ஸ்கூபாப்ரோவோட கோ ஸ்போர்ட் இந்த வகைல நல்லா தெரிஞ்ச பேரு. மான்ப்ரீன்னு ஒரு எலாஸ்டோமர்ல மொத்த ஃபின்னையும் வார்த்திருப்பாங்க, பிளேடு சின்னது, ஒடைய பெருசா எதுவும் கிடையாது, பெட்டிக்கும் தோதான நீளம். மெல்லிசான பூட்டியோடயும் போடலாம். விலை கொஞ்சம் காட்டமா இருக்கும், அது ஒண்ணுதான். ஏணில ஏறும்போது இந்த பஞ்சி ஸ்ட்ராப்போட அருமை தெரியும், போட் ஆடிட்டிருக்கும், ஒரு கை ஏணிய புடிச்சிருக்கும், இன்னொரு கையால பின்னாடி வளையத்துல விரல விட்டு இழுத்தா கழண்டு வந்துடும். டைட்டான ஃபுல் ஃபூட்ட அந்த ஆட்டத்துல கழட்டறதுக்கு கொஞ்சம் பழக்கம் வேணும், குதிகால் பக்கத்து ரப்பர கீழ மடிச்சு உருவணும், முன்னாடி பிளேட புடிச்சு இழுத்தா வராது.

இனி முக்கியமான விஷயம், லேசா இருக்கறது தண்ணிக்குள்ள தள்ளுமா. டெகாத்லான்ல சுபியா ஸ்நார்க்கலிங் ஃபின்ஸ் பாத்திருப்பீங்க, குட்டியா, பைக்குள்ள எங்க வேணா சொருகலாம், விலையும் கம்மி. க்ரெஸ்ஸி பலாவ் மாதிரி குட்டி அட்ஜஸ்டபிள் ஃபின்ஸும் அந்த ரகம்தான். மேல மிதந்துக்கிட்டு மீன் பாக்கறதுக்கு அருமையான சாமான், குறை சொல்ல மாட்டேன். ஆனா முதுகுல சிலிண்டர், பிசிடி (மிதப்பக் கட்டுப்படுத்தற ஜாக்கெட்), ரெண்டு ஹோஸ், தொங்கற கேஜ்னு இவ்வளவையும் சேத்து தண்ணியக் கிழிச்சுட்டு போகணும்னா அந்த பிளேடு பத்தாது. அமைதியான தண்ணில தெரியாது. மாலத்தீவுல 'கந்து'ன்னு சொல்ற சேனல்ல இறங்கினதும் தெரியும், கடல்ல இருந்து அடோலுக்குள்ள (வளையமா இருக்கற பவளத் தீவுக் கூட்டம்) தண்ணி ஓடி வரும், சுறா எல்லாம் அந்த வாசல்லதான் நிக்கும், நீங்க வேகமா இறங்கி அந்த விளிம்புல போய் ரீஃப் ஹூக்க (பாறைல மாட்டி நிக்கற கயிறு வெச்ச கொக்கி) மாட்டற வரைக்கும் ரெண்டு நிமிஷம் அழுத்தி கிக் பண்ணியே ஆகணும். 1 நாட் கரண்ட், அதாவது நீரோட்டம்னா மணிக்கு ரெண்டு கிலோமீட்டருக்கும் கம்மி, கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா முழு கிட்டோட அத எதிர்த்து நல்ல ஸ்டாமினா உள்ளவங்களாலயே ரொம்ப நேரம் தாக்கு புடிக்க முடியாது. அந்த ரெண்டு நிமிஷத்துல ஃபின்ஸ் வளஞ்சு குடுத்துட்டா மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினா காத்து காலி, 40 நிமிஷ டைவ் 25ல முடியும், கூட வந்தவங்களும் உங்களால மேல வரணும். பெட்டில மிச்சம் புடிச்ச அரை கிலோவ இப்படி சிலிண்டர் காத்தா திருப்பிக் குடுப்பீங்க.

அதுக்காக ரொம்ப விறைப்பா எடுக்கவும் கூடாது. விறைப்பான பிளேடுல நாலு டைவ் பண்ணா கெண்டைக்கால் புடிச்சுக்கும். கெண்டைக்கால் இழுத்தா பிளேடு உங்க காலுக்கு ஜாஸ்தின்னு அர்த்தம், உள்ளங்கால் வளைவு இழுத்தா கால் நுழையற பாக்கெட் சின்னதுன்னு அர்த்தம், பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணுதான் இருக்கும். கடைல டெஸ்ட் பண்ண ஃபின் நுனிய தரைல வெச்சு பாக்கெட் பக்கம் கையால லேசா அழுத்திப் பாருங்க, பிளேடு பாதிக்கு மேல சீரா வளையணும், விட்டதும் டக்குனு நிமிரணும். பேப்பர் மாதிரி துவண்டா வேண்டாம், அசையவே இல்லன்னாலும் வேண்டாம். முட்டிவலி இருக்கறவங்க ஸ்ப்ளிட் ஃபின்ஸ், நடுவுல பொளந்த மாதிரி இருக்குமே அது, கேப்பாங்க. கால மாத்தி மாத்தி மேலயும் கீழயும் அடிக்கற ஃப்ளட்டர் கிக்குக்கு கால்ல லோடு கம்மியாதான் தெரியும், ஆனா தவளை மாதிரி உதைக்கற ஃப்ராக் கிக், பின்னாடி நகர்ற கிக் ரெண்டும் அதுல சரியா வராது. கேமரா தூக்கற எண்ணம் இருந்தா யோசிச்சுக்கோங்க.

கார்பனுக்கு வரேன். கார்பன் லேசுதான், அதுல பொய் இல்ல, ஆனா கடைல கிடைக்கறது பெரும்பாலும் ஃப்ரீடைவிங்குக்கு செஞ்சது, 80, 90 சென்டிமீட்டர் நீளம், ஒரே மூச்சுல நேரா கீழ போய் நேரா மேல வரதுக்கான சாமான். பவளத்துக்கு பக்கத்துல திரும்பறதுக்கு அது எடமே குடுக்காது, நீங்க இங்க திரும்பினா வால் அங்க எதையாவது தட்டி ஒடைச்சிருக்கும், ஒடைஞ்ச பவளம் அவ்வளவு வளர எத்தன வருஷம் ஆகி இருக்கும்னு யோசிங்க. போட்ல சிலிண்டர் உருண்டு வந்து அது மேல இடிச்சா பிளேடே போச்சு. பெட்டிக்குள்ளயும் போகாது, தனி பை வேணும், தனி பைன்னா ஏர்லைன் தனி கணக்கு போடுவான்.

இன்னொண்ணு, யூட்யூப்ல டைவிங் தெரிஞ்சவங்க நெறைய பேர் 'லைட் ஃபின்ஸ் வாங்காதே, கனமான ரப்பர் ஃபின்ஸ்தான் ஃபின்ஸ்'னு சொல்லுவாங்க. 1960கள்ல வந்த ஜெட் ஃபின் டிசைன், குட்டையா, அகலமா, காத்துத் துவாரம் மாதிரி ஓட்டை வெச்சு, கருப்பு ரப்பர், ஜோடி 3 கிலோ பக்கத்துல போகும். அவங்க சொல்றது அவங்களுக்கு சரி. அவங்கள்ல முக்காவாசி பேர் 10 டிகிரி தண்ணில ட்ரை சூட் (உள்ள தண்ணி புகாத சூட்) போட்டு டைவ் பண்றவங்க, சூட்டுக்குள்ள இருக்கற காத்து கால் பக்கம் ஓடி கால மேல தூக்கிடும், அத கீழ இழுத்து வெக்க கனமான ஃபின் வேணும். நாம 28 டிகிரில 3 மில்லி சூட், பாதி பேர் வெறும் ரேஷ்கார்டு (நீச்சலுக்கான மெல்லிசான சட்டை), இதுல கால்ல 3 கிலோ ரப்பர மாட்டினா கால் கீழ தொங்கும், கடல் குதிரை மாதிரி நட்டமா நீந்திட்டு இருப்போம், மணல கெளப்பிக்கிட்டு. நம்ம ஊர் சென்டர்ல குடுக்கறது பெரும்பாலும் அலுமினியம் சிலிண்டர், 200 பார் அழுத்தத்துல ஆரம்பிச்சு 50க்கு வரும்போது சுமார் 2 கிலோ காத்து காலியாகி இருக்கும், முதுகு பக்கம் லேசாயிடும், அதோட கால் மட்டும் கனமா இருந்தா டைவ் கடைசில இன்னும் மோசமா நிப்பீங்க. சூடான தண்ணிக்கு மிதக்கற அல்லது ரொம்ப லேசா முங்கற ஃபின்ஸ்தான் தோது. வீட்ல பக்கெட்ல தண்ணி ரொப்பி ஃபின்ன போட்டுப் பாருங்க, கடல் தண்ணி இன்னும் கொஞ்சம் தூக்கும். மிதக்கற ஃபின்னுக்கு இன்னொரு லாபம், ஏணிகிட்ட போட் பையன் கைக்கு எட்டாம நழுவினா அங்கயே மிதக்கும், எடுத்துக்கலாம். ரப்பர்னா 30 மீட்டர் கீழ.

அப்ப எந்த மாடல். க்ரெஸ்ஸி ப்ளூமா, ஃபுல் ஃபூட்ல லேசானது, பிளேடு சாஃப்ட், ஓப்பன் வாட்டர் முடிச்ச புதுசுல காலுக்கு இதமா இருக்கும், ஹேவ்லாக்குக்கு தாராளம். மாரெஸ் அவான்டி சூப்பர்சேனல் ஃபுல் ஃபூட், கொஞ்சம் கூட தள்ளும், மாலத்தீவு கரண்ட மனசுல வெச்சா நான் இந்தப் பக்கம்தான் சாய்வேன், ஆனா நீளம் அளந்துட்டு வாங்குங்க, உங்க பெட்டி சின்னதுன்னா செக்-இன்தான். பெட்டி ரொம்ப முக்கியம், கரை டைவும் வரும்னா மேல சொன்ன கோ ஸ்போர்ட். அபெக்ஸ் ஆர்கே3 நல்ல ஃபின், குட்டைதான், ஃப்ராக் கிக்குக்கு சூப்பரா இருக்கும், ஆனா ஸ்பிரிங் ஸ்ட்ராப், பூட்டின்னு சேத்தா டிராவல் லைட்னு சொல்ல முடியாது. பிராண்டுக்காக அடிச்சுக்க வேண்டாம், உங்க காலுக்கு சரியா உக்காந்தா பேர் தெரியாத கம்பெனியா இருந்தாலும் ஓகே.

சைஸ் 8ன்னா யூரோப்பியன்ல 42 பக்கம், ஃபுல் ஃபூட் 42-43ன்னு ஜோடி நம்பர்லதான் வரும். ஆனா நம்பர நம்பி ஆன்லைன்ல தட்டிடாதீங்க, நம்ம ஊர் கால் பல பேருக்கு முன்பக்கம் அகலம், செருப்புலயே வளந்த கால், இத்தாலி கம்பெனி பாக்கெட் ஒடுங்கி இருக்கும். உங்கள ரென்டல் ஃபின் கடிச்சதுக்கும் பாதி காரணம் அதுவா இருக்கலாம், எங்க கடிச்சுதுன்னு பாருங்க, சுண்டு விரல் பக்கம்னா அகலப் பிரச்சனை, குதிகால் மேலன்னா லூசா இருந்து உரசி இருக்கு. சாயங்காலமா போய் போட்டுப் பாருங்க, அப்பதான் கால் லேசா வீங்கி இருக்கும். நியோப்ரீன் சாக்ஸ வீட்ல இருந்து எடுத்துட்டுப் போய் அதோடயே போட்டுப் பாக்கணும், கால நனைச்சுக்கிட்டா இன்னும் நல்லது. போட்டுட்டு உக்காந்துக்கிட்டு கால தூக்கி பக்கவாட்டுல உதறுங்க, குதிகால் கழண்டு வரக்கூடாது, விரல் மடங்கக்கூடாது, விரல் நுனி முன்னாடி ஓட்டைல லேசா எட்டிப் பாத்தா தப்பில்ல. ஓப்பன் ஹீல்னா மொதல்ல பூட்டி வாங்கிட்டு அப்புறம்தான் ஃபின், தலைகீழா வாங்கினா ரெண்டுல ஒண்ண திருப்பி விக்க வேண்டி வரும். ஆழத்துல பூட்டி நியோப்ரீன் அமுங்கி மெலிசாகும், மேல சரியா இருந்த ஸ்ட்ராப் 25 மீட்டர்ல லூசா தெரியும், ஸ்பிரிங்கும் பஞ்சியும் தானா இழுத்துக்கும், பழைய பக்கிள் ஸ்ட்ராப்னா கையால இழுத்து விடணும்.

பேக் பண்றப்ப ஃபுல் ஃபூட் குதிகால் பக்கத்த மடிச்சு அமுக்கி வெக்காதீங்க, ரெண்டு வாரம் அப்படியே கெடந்தா ரப்பர் அந்த மடிப்புலயே நின்னுடும், அப்புறம் ஒவ்வொரு டைவுலயும் அந்த மடிப்பு குதிகால் நரம்ப அறுக்கும். வாங்கும்போது உள்ள ஒரு பிளாஸ்டிக் கால் அச்சு வரும், அத தூக்கிப் போட்டுடாதீங்க, வீட்ல வெக்கறப்ப அது உள்ளயே இருக்கட்டும், பயணத்துல அதுக்கு பதிலா டிஷர்ட்ட சுருட்டி சொருகுங்க, அங்க இடமும் மிச்சம். பிளேடு ரெண்டும் பெட்டியோட ரெண்டு பக்கச் சுவர்ல சாயற மாதிரி வெச்சா நடுவுல இருக்கற சாமானுக்கு கவசமாவும் ஆகும். வெயில்ல நிக்கற கார் டிக்கில பிளேடு வளஞ்ச மாதிரி போட்டு வெச்சா சித்திரை மாச சென்னை சூட்டுல அதே வளைவுல செட் ஆயிடும். மாஸ்க்கும் டைவ் கம்ப்யூட்டரும் (ஆழமும் நேரமும் காட்டற வாட்ச் மாதிரி சாமான்) கைப்பைல, டார்ச்சோட ஸ்பேர் லித்தியம் பேட்டரியும் கைப்பைலதான், கத்தி கட்டர் எல்லாம் செக்-இன்.

பல நாள் டைவ் பண்ணிட்டு கடைசி டைவுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல 18 மணி நேரமாவது விடணும்னு கோர்ஸ்லயே சொல்லி இருப்பாங்க. அந்த நேரத்த காய வெக்கறதுக்கு வெச்சுக்கோங்க, டைவ் முடிஞ்ச கையோட நல்ல தண்ணில அலசி, சாக்ஸ உள்பக்கம் வெளிய திருப்பி, ஃபேனுக்கு நேரா, வெயில்ல இல்ல. லைவ்அபோர்ட்ல கடைசி நாள் எல்லாரும் மேல் டெக்ல காயப் போடுவாங்க, கட்டி வைக்கலன்னா காத்துல பறந்துடும், லேசான ஃபின்ஸுக்கு அந்த ஒரு ஆபத்து உண்டு.

கடைசியா, நீங்க கேக்காத ஒண்ணு. ஹேவ்லாக் மட்டும்தான் போறீங்க, மாலத்தீவு இன்னும் பேச்சளவுலதான் இருக்குன்னா இப்போதைக்கு ஃபின்ஸே வாங்க வேண்டாம். நம்ம ஊர் சென்டர்ல டைவ் காசுலயே பொதுவா கிட் அடக்கம், சொந்த ஃபின் கொண்டு போனா பெருசா கொறைக்க மாட்டாங்க. ஒரு ஜோடி நியோப்ரீன் சாக்ஸ் மட்டும் வாங்கிட்டுப் போங்க, வெயிட் பெருசா வராது, ரென்டல் ஃபின் கடிக்கறதுல பாதி அதுலயே தீரும், மிச்ச காசுக்கு மொதல்ல உங்க முகத்துக்கு சரியான மாஸ்க், அடுத்து கம்ப்யூட்டர். மாலத்தீவு டிக்கெட் போட்ட அன்னைக்கு ஃபின்ஸ் வாங்கி, இங்க ஏதாவது நீச்சல் குளத்துல மாஸ்க் ஸ்நார்க்கலோட ரெண்டு மூணு நாள் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க, கடிச்சா பில் இருக்கும்போதே மாத்திக்கலாம், சில கடைல தண்ணில நனைச்சத திருப்பி எடுக்க மாட்டாங்க, அத வாங்கறப்பவே கேட்டு வெச்சுக்கோங்க.